தர்மாம்பாளின் கையெழுத்து

நாற்பது வருடம் சினிமாவில் கொடுமைக்கார மாமியாராகவே நடித்துத் தீர்த்துவிட்டு, பேராவூரணிப் பக்கம் தன் தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்து ஒதுங்கியிருந்தாள் தர்மாம்பாள். மறந்துபோன ஜனம் இரண்டு வருடத்துக்கு முன்பு அவளை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை உருட்டும் காட்சிகளைச் செல்போனில் போட்டு இளவட்டங்கள் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் இளஞ்செழியன் வந்து சேர்ந்தான்.

தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருந்தவன். மாதம் தவறாமல் ஆப்பிள் பழம் வாங்கி வருவான், காலில் விழுவான். போகும்போது அவளுடைய பழைய படம் அச்சடித்த கார்டுகள் ஐம்பதை நீட்டி, ரசிகர்களுக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்பான். சிறுநீரகம் கெட்டு, பட்டுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் அவள் மறுக்கவில்லை. பிள்ளை பெறாதவளுக்கு அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவது இனித்தது.

ஆடி மாதம் ஒரு காலையில் அவன் குரல் பதிவு ஒன்று அவள் போனுக்கு வந்தது. வேறு யாருக்கோ பேசியதைத் தவறி அனுப்பியிருந்தான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தம்பி மகள் மதிவதனி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“என்கிட்ட வாங்கின கிழவி கார்டை யாரும் இப்ப வித்துடாதீங்க. வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ் இப்ப மூணாயிடுச்சு. மிஞ்சிப்போனா ஒரு வருஷம். அது போனதும் ஐநூறு ரூபா கார்டு அஞ்சாயிரத்துக்குப் போவும். நிலத்துல காசு போடற மாதிரிதான் இது, பொறுத்து எடுக்கணும்.”

மதிவதனி உடனே அவனைக் கூப்பிட்டுத் திட்டப் போனாள். தர்மாம்பாள் போனைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். அவனைக் கூப்பிட மதிவதனியை விடவில்லை.

மறுநாள் டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது ஒரு கட்டு வெள்ளை அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டாள். கார் ஓட்டும் வீரையன், பக்கத்துப் படுக்கைக்காரர், நர்சுகள், வழியில் டீக்கடையில் நின்றவர்கள், யாரையும் விடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தபால்தலை ஒட்டிய கவர் அனுப்பினால் இலவசமாகக் கையெழுத்து வரும் என்று அவள் பேசியதை மதிவதனி படமெடுத்துப் போட்டாள். கவர்கள் சாக்குச் சாக்காக வந்தன.

மூன்றாம் வாரம் இளஞ்செழியன் வெறுங்கையோடு ஓடிவந்தான். எண்ணூறு கார்டு தேங்கிக் கிடக்கிறதாம். தன் பேச்சை நம்பி வாங்கியவர்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார்களாம். இருபது ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லையாம்.

“இப்படி ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தா உங்க கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு?” என்றான்.

“அம்மான்னு சொல்லாத. நான் சாவற நாளை எண்ணிக்கிட்டே என் வீட்டு காபியைக் குடிச்சியே, எப்படிடா அது தொண்டையில எறங்குச்சு?”

தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று அவன் குழறினான். தவறாகப் பேசிவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு நெருப்பாகச் சுட்டது. வாசலைக் கைகாட்டினாள்.

அவன் போன பிறகும் ஆறவில்லை. மதிவதனி சாப்பிடக் கூப்பிட்டதற்கு, வேண்டாம் என்று அடுத்த கவரைக் கிழித்தாள். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு மருமகள் தனக்குக் கையெழுத்துக் கேட்டு, தன் மாமியார் ராமாயிக்குப் படத்தில் உங்களைக் கண்டாலே ஆகாது என்று எழுதியிருந்தாள். தர்மாம்பாள் அந்த ராமாயி பெயருக்கே, அட்டை கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.