ஒரு வாளியா, ரெண்டு வாளியா

மாவு வாளியின் மூடியைப் புஷ்பா முழங்கையால் அழுத்தி மூடினாள். அது அடங்குவதாக இல்லை. நேற்றுச் சாயங்காலம் கரண்டு இருந்த நேரத்தில் அப்பா அரைத்து, தன் கையாலேயே உப்புப் போட்டுக் கலக்கிவைத்த தோசை மாவு அது. ராத்திரிப் புழுக்கத்தில் நன்றாகப் பொங்கி மூடியை முட்டிக்கொண்டிருந்தது. அப்பா பழனியப்பன், கிரைண்டர்களுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் படுத்திருந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் வாளியைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஏண்டி, அப்பனைக் கெடத்திப் போட்டுட்டு யாவாரத்துக்குக் கிளம்புறியா?" என்றாள் அம்மா கமலாட்சி. "சாவு வீட்டுல அடுப்பே மூட்டக் கூடாதுங்கிறேன். நீ தீட்டு மாவை ஊருக்குக் குடுக்கப் போற!"

"ஊருக்கு இல்லம்மா. ஊ மியா வீட்டுக் கடைக்கு மட்டும். அவரு ஆபீசுல குடும்பப் பட்டியல்ல அப்பா பேரை அடிச்சுச் சீட்டு வாங்கினாத்தான் யேவே சுடுகாட்டுல எரிக்க விடுவாங்க."

"அதுக்கு வாளி எதுக்கு?"

புஷ்பா மேலே பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். பலகைத் தளத்துக்கு மேலே, அரிசி மூட்டை அறையில், தம்பி சுந்தர் இருந்தான்.

எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு வயது இருபத்து மூன்று. பர்மாப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்க வீடு வீடாகப் பேர் எடுக்க ஆரம்பித்ததுமே, யாரும் கேட்பதற்கு முன்னால், அப்பா தானே வட்டார அலுவலகத்துக்குப் போய் அதிகாரி ஊ மியாவிடம் சொல்லிவிட்டு வந்தார். "பையன் பாங்காக் போயிட்டான். ஹோட்டல் வேலை. அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலையாம், தினம் அழுவுறான்." அந்தச் சாப்பாட்டு விஷயத்தைச் சேர்த்ததில்தான் அப்பாவின் சாமர்த்தியம் இருந்தது. மறுநாளிலிருந்து ஊ மியாவின் மனைவி நடத்தும் தேநீர்க் கடைக்கு நாள் தவறாமல் ஒரு வாளி மாவு போயிற்று. ஒரு நாள் போகாவிட்டால் அவர் யோசிக்க ஆரம்பிப்பார் என்று அப்பா சொல்வார்.

சந்தையில் அவரை அதிர்ஷ்டக்காரன் என்பார்கள். அதிர்ஷ்டமாவது மண்ணாவது! ஒற்றைக் கிரைண்டரை வைத்துக்கொண்டு சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் மாவு ஏற்றிக் கடை கடையாகப் போன காலத்தில், புளித்த மாவெல்லாம் இங்கே யார் தின்பார்கள் என்று விரட்டியவர்கள்தான் அத்தனை பேரும். அப்பா ஒருவரிடமும் மாவு வேணுமா என்று கேட்டதில்லை. வாளியை இறக்கிவைத்துவிட்டு, "ஒரு வாளியா, ரெண்டு வாளியா?" என்று கேட்பார். வேணுமா என்று கேட்டால் வேணாம் என்று சொல்ல நாமே வழி விட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. மூஞ்சியில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினவன் கடைக்கும் மறுநாள் காலை போய் நிற்பார். பயம் இல்லாமலா இருந்தது? லுங்கி முடிச்சைப் பிடித்திருக்கும் கை நடுங்குவதைப் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவள் புஷ்பா. குரல் மட்டும் நடுங்காது. அவளுக்கோ அவர் வாயைத் திறந்தாலே கூச்சமாக இருக்கும். வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

ஏணிப்படியில் பாதி இறங்கி சுந்தர் நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான்தானே கொள்ளி வெக்கணும்?"

"மேல போ."

"அக்கா..."

"போடா!" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே அழுகை வந்தது.

கடையில் வாளியை இறக்கும்போது அப்பாவின் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி எதிரிலிருந்த அலுவலகத்துக்குப் போனாள்.

ஊ மியா உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல மனுஷன்," என்று பர்மியத்தில் இரண்டு தடவை சொன்னார். அவள் கொண்டுவந்த குடும்பப் பட்டியலை விரித்து, ஸ்கேலை வைத்து, அப்பாவின் பேர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டார். கோடு முடிந்த பிறகும் ஸ்கேலை எடுக்கவில்லை. அதை மெதுவாக அடுத்தடுத்த வரிகளுக்கு நகர்த்திக்கொண்டே போனார்.

"சுந்தர். பாங்காக்கில இருக்கான், இல்லையா?"

"ஆமாம், ஊலே," என்றாள், பர்மிய வழக்கப்படி மாமா முறை வைத்து.

"உங்க ஆளுங்க வழக்கம் எனக்குத் தெரியும், புஷ்பா. மகன்தானே மொட்டை போட்டு நெருப்புச் சட்டி தூக்கணும்? அவன் வராமலா எரிப்பீங்க?"

"டிக்கெட் கிடைக்கல. நான்தான் தூக்குறேன்."

"பொண்ணா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பென்று சொல்ல முடியாது. "சரி. மூணு மணிக்கு நானும் வர்றேன். மரியாதை செய்யணும் இல்லையா? பட்டியல் இங்கேயே இருக்கட்டும். வரும்போது கொண்டுவர்றேன்."

சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக அவள் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டுக் குழாயடியில் அம்மா நின்றிருந்தாள். கோயில் தெரு நாவிதர் சின்னத்தம்பி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சுந்தர் குந்தியிருந்தான். தலை மழமழவென்று இருந்தது.

"என் புருசனுக்கு ஆம்பளப் புள்ள இருக்கு," என்றாள் அம்மா. "அநாதைப் பொணமா அனுப்பச் சொல்றியா?"

"ஐயோ அம்மா, பாக்கிறவன் எல்லாம் அப்பன் செத்தவன்னு சொல்லுவானே! நீயே காட்டிக் குடுத்துட்டியேம்மா! மூணு மணிக்கு ஊ மியா வர்றாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்னத்தம்பி யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுந்தரை மேலே ஏற்றிவிட்டு, புஷ்பா குழாயைத் திறந்து தரையைக் கழுவினாள். முடி சாக்கடை வாயில் போய் அடைத்துக்கொண்டது. அள்ளலாம் என்று குனிந்தபோது வாசலில் இலவச அடக்கச் சங்கத்து வண்டி ஹார்ன் அடித்தது.

அவள் குளித்து ஈரச் சேலையோடு வந்து, கங்கு நிறைந்த சட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சரியாக மூன்று மணிக்கு ஊ மியா வந்தார். கூட வந்த இரண்டு பேரை யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார்கள்.

ஊ மியா அப்பாவின் காலடியில் பூ வைத்துக் கும்பிட்டார். அப்பாவின் தலை முழுக்க வெள்ளை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைகழுவப் பின்கட்டுக்குப் போனார். புஷ்பாவும் பின்னாலேயே போனாள். சாக்கடை வாயில் கருகருவென்று முடி கிடந்தது. அவர் கை கழுவவில்லை. அதைப் பார்த்தார், மேலே பார்த்தார். மேலே பலகை ஒருமுறை கிரீச்சிட்டு நின்றது. அவர் திரும்பி, தெருவில் நின்ற இருவரையும் கூப்பிட வாசல் பக்கமாகக் கையைத் தூக்கப் போனார்.

புஷ்பா ஓர் எட்டு முன்னால் வந்து அந்த முடியின்மேல் நின்றாள். ஈரச் சேலை முந்தானையைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

"ஊலே," என்றாள். "காலையில கடையில கேக்க மறந்துட்டேன். நாளையிலேருந்து ஒரு வாளியா, ரெண்டு வாளியா?"

கூடத்தில் அம்மாவின் ஒப்பாரி சட்டென்று நின்றது. ஊ மியா பாதி தூக்கிய கையோடு அவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கிற மாதிரி அவளை அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு," என்றார்.

கையை இறக்கித் தோள்பைக்குள் விட்டார். பட்டியலின் ஓரம் வெளியே வந்தது. என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே தள்ளினார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். வாளியை நீயே கொண்டுவா. தினமும்."

அவர் வாசல் பக்கமாகப் போய் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். புஷ்பா கூடத்துக்கு வந்து சட்டியைத் தூக்கினாள். புகை கண்ணில் ஏறியது. மேல்தளத்தில் ஒரு சத்தமும் இல்லை. அழக்கூட அவன் கற்றுக்கொண்டுவிட்டான், வாயை மூடிக்கொண்டு.

வண்டியில் ஏறிய பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஈரப் பாதமெல்லாம் தம்பியின் முடி ஒட்டியிருந்தது.