பக்கத்து வீட்டுப் படி வழியாக

இரண்டாவது திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. தலைமாட்டைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி, "ஏப்பா கிளெமென்ட், காலக் கொஞ்சம் மடக்கு," என்றார். மடங்கினால்தானே? கிளெமென்ட்டின் அப்பா கிறிஸ்துராஜ் கட்டையாக விறைத்துப் போயிருந்தார். அந்த இரும்புச் சுழல் படியில் உயிரோடு இருப்பவர்களே உடம்பைக் குறுக்கித்தான் ஏறி இறங்க வேண்டும்.

"வேணாம்ப்பா, மேலயே கொண்டு போயிருவோம். இழுத்தா அடிபட்டுரும்."

மறுபடியும் மொட்டை மாடித் தகர ஷீட் அறைக்கே தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். வத்தலக்குண்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தங்கை டெய்சி, அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"உசுரு எப்பண்ணே போச்சு?"

"விடியக்காலம்."

"விடியக்காலம் போன உசுருக்கா இம்புட்டு வெறப்பு?"

 கிளெமென்ட்டின் மனைவி ஷைனி, சரியாக இருந்த போர்வையைக் குனிந்து இன்னொரு முறை சரிசெய்தாள்.

நாகல் நகரில் கூரை ஷீட் போட வேண்டுமென்றால் கிளெமென்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். சூடு இறங்காமலிருக்க என்ன செய்யலாம், காற்றுக்கு எங்கே வழி விடலாம் என்று போகிற வீட்டிலெல்லாம் வாய் வலிக்க யோசனை சொல்வான். ஊருக்குத்தான் உபதேசம். சொந்த அப்பாவுக்கு, வேலைகளில் மிஞ்சிய ஷீட்டுகளை முழுசு முழுசாக நிறுத்தி நாலு பக்கமும் அடைத்துவிட்டான். "அப்பாவுக்கு மாடியில தனி ரூமு. ஒரு தொந்தரவும் இல்ல," என்று சொல்லிக்கொள்வான். யாருக்குத் தொந்தரவு இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

முந்தின நாள் அந்தியில் ஷைனி சாப்பாட்டை மேலே வைத்துவிட்டு இறங்கினாள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மேலே டக் டக்கென்று சத்தம் கேட்டது.

"மாமா தட்டுறாரோ?" என்றாள்.

"வெயிலு தாந்தா தகரம் சுருங்கும்டி. சூடு எறங்குது, அதான் சத்தம்." சொல்லிவிட்டு வெஞ்சனத்தை இன்னும் கொஞ்சம் தட்டில் போட்டுக்கொண்டான். தகரத்தின் குணம் அவனுக்குத் தெரியாததா? அவளும் நம்பினாள். சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. சூடு இறங்கிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். காலையில் காபி கொண்டு போன ஷைனி போட்ட கூச்சலில்தான் எழுந்தான்.

"எங்க மாடி ஒட்டித்தான இருக்கு," என்றார் கட்டிலருகே நின்ற கண்ணுசாமி. "இந்தப் பக்கத்த அறுத்துட்டா, கட்டப்பலகையில வச்சு எங்க வீட்டுப் படி வழியா நேரா எறக்கிரலாம். நம்ம படி அகலம்."

நல்ல மனதோடு சொன்னார். கிளெமென்ட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற மகனே ஒரு வீடு கட்டி வைத்திருக்க, அப்பன் அடுத்த வீட்டுப் படியில் இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. கீழே தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஷீட்டைக் கழற்றப் பார்த்தான். ஸ்க்ரூ தலைகள் துருவேறி வழுக்கின. அடிப்பக்கத்தைத் தண்ணீர் இறங்காமலிருக்கச் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தான். அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறுக்கும் கிரைண்டர் வைத்தால் நெருப்புப் பொறி பறக்கும். தகரம் அறுக்கும் பிளேடு மாட்டிய வட்ட ரம்பத்தை எடுத்து வந்தான். பிளேடில் பல் உடைந்திருக்கிறதா என்று பார்த்தான். ஷீட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீளும்படி பிளேடின் ஆழத்தைக் குறைத்து வைத்தான். சுவரோரம் ஓடிய பல்பு வயரைக் கழற்றினான்.

"டெய்சி, நீ கீழ போ. தகரத் தூளு சுடும், கண்ணுல தெறிக்கும்."

போகும்போது அவள், தூள் படாமலிருக்கப் போர்வையை நனைத்து அப்பாவின் மேல் இழுத்துவிட்டுப் போனாள்.

கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளியபோதுதான் அது தெரிந்தது. படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், ஷீட் முழுக்கச் சின்னச் சின்ன நசுங்கல்கள். எல்லாம் உள்ளிருந்து வெளியே புடைத்தவை. அப்பாவின் டம்ளர் விளிம்பு பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. பல பழையவை, துருப்பிடித்திருந்தன. சில நேற்றையவை, பளபளத்தன.

எத்தனை அந்திகளில் சூடு இறங்கியது என்று கிளெமென்ட்டுக்கு அப்போது புரிந்தது. 

ஷைனி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அறுக்குற கோட்ட இன்னும் ஒரு முழம் தள்ளிப் போடுங்க. வெட்டுற துண்டோட இதுவும் போயிரும்."

ஏற்கெனவே போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குக்கூட மட்டப்பலகை பிடித்துத்தான் அவனால் கோடு போட முடிந்தது. கோட்டையொட்டி மரச்சட்டத்தைக் கிளாம்பு போட்டு இறுக்கினான். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினான்.

"அண்ணே, அந்தப் பக்கம் ஷீட்ட ஆடாமப் பிடிங்க. பிளேடு வர்ற நேருக்கு மட்டும் நிக்காதீங்க," என்றான் கண்ணுசாமியிடம்.

மிஷின் முழு வேகம் எடுத்த பிறகே தகரத்தில் வைத்தான். அழுத்தவில்லை, அதன் போக்கில் விட்டு மேலிருந்து கீழே இறக்கினான். அந்த அலறல் அப்பாவின் தலைக்குப் பக்கத்தில் கேட்கிறதே என்று ஒரு கணம் பதறியது. இனி அவருக்கு எந்தச் சத்தமும் இல்லை. மற்றப் பக்கங்களையும் அப்படியே அறுத்து, பிளேடு நின்ற பிறகு மிஷினைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். வெட்டு நூல் பிடித்ததுபோல் இருந்தது.

"கிளெமென்ட்டு கைன்னா கைதான்," என்று யாரோ பக்கத்து மாடியில் சொன்னார்கள்.

வெட்டிய துண்டைக் கண்ணுசாமி வாங்கினார். அவருடைய உள்ளங்கை அந்தப் புடைப்புகளின் மேல் போய் நின்றது.

"நேத்து அந்தியில டக்கு டக்குன்னு கேட்டுச்சு," என்றார். "நீதான் ஏதோ வேலை பாத்துக்கிட்டிருக்கன்னு நெனச்சேன்."

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றவில்லை. "ஆமாண்ணே. நாந்தான்."

கண்ணுசாமி அவனைப் பார்த்தார். டெய்சி அவர் வீட்டுப் படியேறி வந்துகொண்டிருந்தாள். அவர் துண்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சாக்கை எடுத்து அதை முழுவதுமாக மூடினார்.

"ஓரம் கூரா இருக்குப்பா," என்றார். "யாரும் கிழிச்சுக்கிறக் கூடாது."

அறுத்த வழியாகச் சிறுமலைப் பக்கத்துக் காற்று அறைக்குள் நுழைந்தது. டெய்சி உள்ளே வந்து, அப்பாவின் முகத்தை மூடியிருந்த துணி பறக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.