வாரி நின்ற இடம்

அந்தக் கிரகத்தில் மனுஷக் காலடியே இருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் யகோடாவின் வேலை. படப்பிடிப்புக்கு வந்த அத்தனை பேரும் மிதித்துத் துவைத்த செம்மண் வெளியை, நீளக் கைப்பிடி போட்ட இரும்பு வாரியால் வாரி, யாருமே கால் வைக்காத இடமாக ஆக்கிக் கொடுப்பாள். கொடுத்த கையோடு யாராவது ஒரு புண்ணியவான் காபிக் கோப்பையோடு குறுக்கே நடப்பான். மறுபடி முதலிலிருந்து வார வேண்டும்.

படத்தின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. விண்கலம் உடைந்து, வேற்றுக் கிரகத்தில் ஒருத்தன் தனியாக மாட்டிக்கொள்கிறான். தண்ணீர் தேடிக் குழிக்குள் இறங்குகிறான், ரேடியோவைப் பழுது பார்க்கிறான், தாடி வளர்க்கிறான், கடைசியில் பிழைத்துக்கொள்கிறான். இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கே யகோடாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உதவி இயக்குநர் இமோஜனிடம் கேட்டாள்.

“அவன் குழிக்குள்ள இறங்குறானே, மேல வின்ச்சுல யாரு நிக்கிறா?”

“யாரும் இல்ல யகோடா. அவன் ஒத்த ஆளு. அதுதான் கதையே.”

“அப்போ செத்துருவானே.”

“சாக மாட்டான். ஹீரோ.”

“நல்ல ஹீரோ,” என்று சொல்லிவிட்டு யகோடா வாரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் இந்தக் கூபர் பீடியில் ஓப்பல் ரத்தினக் கல் தோண்டுகிறவர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் குழிக்குள், ஒருவர் மேலே, ஆளைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் வின்ச்சில். கீழே இருப்பவர் எந்த வழியாக ஏறினாலும் சரி, ஏறும் முன் “மேல வர்றேன்” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வரும்வரை மேலே நிற்பவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதி வைத்ததில்லை. ஆனால் கிரேக்கரோ செர்பியரோ குரோவாசியரோ, அந்த ஊரில் தோண்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

யகோடாவின் புருஷன் ராடேவுக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் குரல் கொடுக்கவில்லை. கீழே தோண்டிக்கொண்டே போனவன் பக்கத்துக் குழிக்காரனின் சுரங்கத்துக்குள் பொத்துக்கொண்டு நுழைந்திருக்கிறான். அங்கே இருந்தவன் பீர் திறந்தானாம், ஓப்பல் கதை பேசினானாம். அப்படியே அவன் குழி வழியாக ஏறி இருவரும் கிளப்புக்குச் சீட்டாடப் போய்விட்டார்கள். இங்கே யகோடா வின்ச்சைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். கூரை இறங்கிவிட்டது, ஆள் போய்விட்டான் என்றே முடிவு கட்டினாள். மீட்புக் குழுவுக்குச் சொல்லி, அதன் தலைவன் தனாசிஸ் தன் ஆட்களோடு கயிறும் விளக்குமாக இறங்கித் தேடி, கடைசியில் ராடேவைக் கிளப்பில் கண்டுபிடித்தார்கள். கையில் நல்ல சீட்டு வேறு.

ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் நின்றபாடில்லை. யாருக்காவது நாய் தொலைந்தால்கூட “கிளப்புல தேடினியா?” என்பார்கள். கடைக்குப் போனால், “என்ன யகோடா, ராடே எங்க?” என்று கல்லாவில் இருப்பவன் கேட்பான். அதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். அன்றைக்குக் கிளப் வாசலில் அவள் மண்ணும் கண்ணீருமாக நின்றபோது, எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் ராடேதான். குடியையும் சீட்டையும் பொறுத்துக்கொண்டவள் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பாறைக்குள் குடைந்த வீட்டிலிருந்து அவன் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்தாள். அவன் தன் குழியருகே ஒரு பழைய கேரவனில் குடியேறினான். அத்தனை சின்ன ஊரில் அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதற்கே தனி சாமர்த்தியம் வேண்டும்.

படக்குழு வந்து அந்தச் சாமர்த்தியத்துக்கும் சோதனை வைத்தது. ஹீரோவுக்கு வெயில் ஆகவில்லை. அவனுடைய உயரமும் தோளும் ராடேவுக்கு இருந்தன. தூரத்துக் காட்சிகளிலெல்லாம் விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு நடப்பவன் ராடே. அவன் நடந்துவிட்டுப் போன தடத்தை வாரி அழிப்பவள் யகோடா. அந்த ஹெல்மெட்டைப் பின்னால் நின்று இன்னொருவர்தான் பூட்டவும் திறக்கவும் முடியும். தனி ஆளின் ஹெல்மெட்டுக்கு இப்படி ஒரு பூட்டு. போன வாரம் அதை மட்டும் யாரையோ கழற்றச் சொல்லிவிட்டு, மிச்ச உடுப்போடு ராடே கிளப்புக்குப் போய் எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டு வந்தான். உடை பார்க்கும் பெண் அழாத குறை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் இது. மத்தியானம் ஒரு காட்சி எடுக்க வேண்டியிருந்தது. அடிவானத்து மேட்டிலிருந்து காமிரா வரைக்கும் ஒரே ஒரு வரிசைக் காலடி, வேறு ஒன்றும் கிடையாது. ராடே தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய், அங்கிருந்து இங்கே நடந்து வர வேண்டும். எல்லோரும் கூடாரத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. மேட்டிலிருந்து காமிரா வரை அழகான ஒரு கோடாகக் காலடிகள் வந்து நின்றன. இயக்குநர் ஃபெர்கஸ் கையைத் தட்டினார். எடுத்தும் முடித்தார்கள்.

“ராடே எங்க?” என்றார் யாரோ.

“உடுப்பும் காணோம், ஹெல்மெட்டும் காணோம்,” என்றாள் உடை பார்க்கும் பெண். “மறுபடி கிளப்புக்குத்தான் போயிருப்பாரு. இந்தத் தடவை ஹெல்மெட்டோட.”

எல்லோரும் சிரித்தார்கள். யகோடா சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அந்த ஆள் சொல்லிக்கொண்டு போனால்தான் அதிசயம்.

அடுத்து, சூரியன் இறங்கும் நேரத்தில் வெறும் வெளியும் உடைந்த கலமும் மட்டும் தெரிய வேண்டும். மறுநாள் காலை அந்தக் கலத்தைப் பிரித்து ஏற்றிவிடுவார்கள். ஆகவே இந்த ஒரு சாயங்காலம்தான்.

“ஒரு கோடுகூட இருக்கக் கூடாது யகோடா,” என்றாள் இமோஜன். “வெளிச்சம் போயிடும். சீக்கிரம்.”

யகோடா காமிராப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ராடேவின் காலடிகளை ஒவ்வொன்றாக வாரி மூடிக்கொண்டே போனாள். கோபத்தில் கை வேகமாக ஓடியது. பாதி தூரம் போனதும் முதுகை நிமிர்த்த நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

கூடாரத்தின் ஓரத்தில் ராடேவின் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. காலையில் அதைச் சுற்றி அவள்தான் வாரியிருந்தாள், சக்கரத்தை ஒட்டி, இடுக்கிலெல்லாம் வாரியை விட்டு. அந்த வாரிக் கோடுகள் கலையாமல் அப்படியே இருந்தன. வண்டி காலையிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை.

யகோடா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வண்டி நகரவில்லை என்றால் மேட்டுக்கு அவன் எப்படிப் போனான்? இங்கிருந்து நடந்துதான் போயிருக்க வேண்டும். நடந்து போயிருந்தால் போன தடம் எங்கே? இருப்பது ஒரே ஒரு வரிசை. அதுவும் வருகிற வரிசை.

குனிந்து, மிச்சமிருந்த காலடிகளில் ஒன்றைப் பார்த்தாள். குதிகால் பக்கம் மண் இழுபட்டிருந்தது. விரல் பக்கம் ஆழமாக அழுந்தியிருந்தது. முன்னால் நடக்கிறவன் கால் அப்படிப் பதியாது.

பின்பக்கமாக நடக்காதே என்று ஊர் முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தப் பலகையையே படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து போவார்கள், ஊர்க்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். தரை முழுக்கப் பழைய குழிகள். ராடே இந்தப் பலகைகளுக்கு நடுவே முப்பது வருஷம் வாழ்ந்தவன். ஆனால் ஊரைச் சுற்றி வண்டி ஓட்டுவதற்குச் சோம்பல்பட்டு, இந்த வெளி எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு, வருகிற தடமாகத் தெரியட்டும் என்று, காமிராவுக்கு முகத்தைக் காட்டியபடி மேடு வரை பின்பக்கமாகவே நடந்திருக்கிறான். குழி இருக்கும் இடத்தில் வெள்ளை மண்மேடு இருக்கும் என்பது இந்த ஊர்க் கணக்கு. அந்தக் கிரகத்தில் வெள்ளை மேடு கிடையாது என்று, படக்காரர்கள் மேடுகளை அள்ளிவிட்டுக் குழிகள்மேல் தகரம் போட்டுச் செம்மண் தூவி வைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு தகரத்தின் மேல்தான் அவன் கால் வைத்திருக்க வேண்டும். உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்தது: கிளப் வாசல், அந்தச் சிரிப்பு. இப்போது மேட்டை நோக்கி நடந்தால் இந்தத் தரை கெட்டுப்போகும், காட்சி போகும், வேலையும் போகும். அவன் எவனோ ஒருத்தன் வண்டியில் ஏறிப் போய்க் கிளப்பில் சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தால்? இந்தத் தடவை படக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். செத்தாலும் இந்த ஊரில் தலை தூக்க முடியாது.

இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கத்தியது. “யகோடா, ஏன் நிக்கிறீங்க? வாருங்க!”

யகோடா வாரியைக் கீழே போட்டாள். மிச்சக் காலடிகளை மிதிக்காமல், அவற்றுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். ஓடவில்லை. அங்கே ஓடக் கூடாது.

“யகோடா! எங்க போறீங்க? கால் தடம் விழுது! ஐயோ, யாராவது அவங்களை நிறுத்துங்களேன்!”

மேட்டருகே காலடி வரிசை ஓரிடத்தில் தொடங்கியது. அதாவது, முடிந்தது. அங்கே தகரம் மடங்கிக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. யகோடா படுத்துக்கொண்டு, விளிம்புக்கு நகர்ந்து, உள்ளே கூப்பிட்டாள்.

“ராடே!”

பதில் இல்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். கீழே ஏதோ அசைந்தது. பிறகு, மணலைத் தின்றவன் குரல் மாதிரி ஒன்று வந்தது.

“கத்தாத. காது நல்லாத்தான் இருக்கு. காலுதான் போச்சு.”

யகோடா மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தாள். “இமோஜன், மீட்புக் குழுவைக் கூப்பிடு. தனாசிஸ்கிட்ட ராடே குழிக்குள்ள விழுந்துட்டான்னு சொல்லு.”

சற்று நேரம் கழித்து, இமோஜன் தயங்கித் தயங்கிப் பேசினாள். “யகோடா, அவரு... கிளப்புல தேடியாச்சான்னு கேக்கிறாரு.”

“தேடிட்டேன். இது கிளப் இல்ல, இங்க பீர் கிடையாதுன்னு சொல்லு. வரச் சொல்லு!”

தனாசிஸ் வந்தான். குழிமேல் மூன்று கால் சட்டம் நட்டு, அதில் ஒரு கைவின்ச்சைப் பூட்டி, கயிற்றைக் கோத்து, ஒரு பையனை இறக்கினான். யகோடாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் அடங்கிவிட்டது. பழைய குழி பாதிக்குமேல் தூர்ந்துபோயிருந்ததால் ஆள் பிழைத்தான், அந்தத் தடித்த உடுப்பும் ஒரு காரணம். ஹெல்மெட்டைத் தானாகக் கழற்ற முடியாமல் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்திருந்தான். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன பிறகு சும்மா கிடந்தானாம். படக்குழு முழுவதும் குழியிலிருந்து தள்ளி ஒரு வளையமாக நின்றது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, யாரும் காமிராவைப் பற்றிப் பேசவில்லை. ஃபெர்கஸ் மட்டும் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“வாரி சத்தம் கேட்டுச்சு யகோடா,” என்று கீழேயிருந்து ராடே பேசினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பெயரை அவன் சொல்வது இதுதான். “மண்ணுக்குள்ள நல்லா கேக்கும். சரக் சரக்குன்னு வந்துட்டே இருந்துச்சு. நீ என் தடத்தைத்தான் அழிக்கிறன்னு தெரிஞ்சிருச்சு. அழிச்சிட்டுப் போயிருவா, அவ்வளவுதான்னு நினைச்சேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

“அப்புறம் சத்தம் நின்னுச்சு.”

யகோடா விளிம்பில் சரிந்த மண்ணை வெளிப்பக்கம் ஒதுக்கினாள்.

“நீ அன்னிக்கு எவ்வளவு நேரம் நின்ன?” என்று கேட்டான் அவன். “வின்ச்சுல.”

“நீ இன்னிக்குக் கிடந்த அளவு இருக்கும்.”

கீழே பையன் அவனைத் தூக்குப் படுக்கையில் கட்டி முடித்துக் கயிற்றை ஆட்டினான். தனாசிஸ் வின்ச்சின் பிடியில் கை வைத்தான்.

“தள்ளு. நான் நிக்கிறேன்,” என்றாள் யகோடா.

தனாசிஸ் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தான். அவள் பிடியைப் பற்றினாள், ஆனால் சுற்றவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஏன் நிற்கிறாள் என்று படக்காரர்களுக்குப் புரியவில்லை. ஊர்க்காரர்களுக்குப் புரிந்தது.

கீழே ராடே இருமினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, இருந்த குரலையெல்லாம் ஒன்றுசேர்த்து, அந்த வெளி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“யகோடா! மேல வர்றேன்!”

“வா,” என்றாள் யகோடா. கண்ணைத் துடைக்கக் கை ஒழியாததால் அப்படியே சுற்ற ஆரம்பித்தாள்.