பழைய ரோடு

எட்டு வருஷமாகக் கண்ணையன் அதே தடத்தில்தான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை எழில்மதியைக் காலையில் நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து சேத்தியாத்தோப்புப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். டீச்சர் பின்சீட்டில் தூங்கிவிடுவார். கண்ணையனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இடுப்புவலி இப்போது காலுக்கும் இறங்கியிருந்தது. காடாம்புலியூர் முந்திரிக் கம்பெனியில் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்காவது டீச்சரிடம் சொல்லிவிட்டு வரும்படி மனைவி மாரியம்மாள் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்ததில், கை பழைய பழக்கத்தில் புளியமரத்தடியில் இடப்பக்கம் ஒடித்துவிட்டது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை இந்தப் பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறார்களென்று மூன்று வருஷத்துக்கு முன் மூடிய ரோடு அது. ஒரு கிலோமீட்டர் போனதும் குறுக்கே மண்மேடு. கார் நிற்க, எழில்மதி விழித்துக்கொண்டார்.

"வீடு வந்துருச்சா?"

"இல்லீங்க டீச்சர். பழைய ரோட்டுக்கு வந்துட்டேங்க."

"ரெண்டு பேரும் தூங்கிட்டா யார்தான் ஓட்டுறது?"

இறங்கி மேட்டில் ஏறினார்கள். அதற்கப்புறம் தரையே இல்லை. படிப்படியாக இறங்கிய செம்மண், அதன்கீழ் வெளிறிய களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பாக நிலக்கரி. அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்த ராட்சத இயந்திரம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் சத்தம் மேலே ஏறி வருவதற்குள் இளைத்துப்போயிருந்தது.

கண்ணையன் வெறும் ஆகாயத்தைக் காட்டினார். "தோ, பருந்து சுத்துது பாருங்க. அங்கதாங்க தனகோடி டீக்கடை. தெனம் வண்டிய நிறுத்துவனே."

எழில்மதி வெகுநேரம் பருந்தையே பார்த்தார். "இவ்வளவு ஆழத்துக்கு மேலயா தூங்கிக்கிட்டுப் போனேன்?"

"நான் ஓட்டிக்கினு போனேங்க."

கண்ணையனுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமில்லை. அலுத்துச் சலித்த ரோடு, தனக்கடியில் இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது. கால்வலி மட்டும் அப்படியே இருந்தது.

அங்கேயே நின்று சொன்னார்: "மாசக் கடைசியோட நின்னுக்கிறேங்க டீச்சர். முடியலீங்க."

எழில்மதி சரியென்று தலையசைத்தார். காருக்கு வந்ததும் பின்கதவைத் திறந்தவர், மறுபடி மூடிவிட்டு முன்பக்கம் வந்தார். கண்ணையன் அந்தச் சீட்டில் கிடந்த துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் அவசரமாக எடுத்தார்.

"மெதுவாவே போங்க" என்றார் எழில்மதி. "இன்னும் பதினோரு நாள்தானே இருக்கு."