கைதட்டித் திறக்கும் படல்

என் அண்ணன் அதெமார் படலுக்கு எதிரே கோவேறு கழுதையை நிறுத்தியபோது நான் மேட்டில் மாட்டுத்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன மழைக்கு முன்பிருந்து எங்கள் பக்கம் தலைகாட்டாத மனுஷன். கண்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கண் பட்டறைப் பக்கம் பாய்ந்தது. கீழே பட்டறையில் என் புருஷன் நெல்சீனோ வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். நீல வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. அது அடிக்கிற நேரத்தில் அந்தப் படலைத் திறக்கிறவன் பிழைக்க மாட்டான்.

ஏன் என்று சொன்னால்தான் புரியும். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வீடு மேட்டில், மின்சாரம் வீட்டோடு சரி. பட்டறை கீழே சாலையோரம். பழுதுபார்க்க வரும் டிராக்டர்களை ஓடைப்பாலம் தாங்காது என்பதால் அங்கேதான் வைக்க முடிந்தது. நடுவில் அண்ணனின் மேய்ச்சல் நிலம். பட்டறைக்கு மின்கம்பம் நட அளவெடுக்க ஆள் வந்தபோது நெல்சீனோ என்ன செய்தான் தெரியுமா? அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் புல்லில் வரிசையாகக் குச்சி அடிக்க விட்டான். அன்று சாயங்காலமே அண்ணன் எல்லாக் குச்சியையும் பிடுங்கி எங்கள் வாசலில் கொண்டுவந்து போட்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இனி ஒரு கம்பத்துக்கும் இடம் கிடையாது" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதோடு போக்குவரத்து நின்றது.

நெல்சீனோ விடுவானா? கையிலிருந்த ஒயர் ஒரு வரிசைக்குத்தான் போதும். அதை எல்லை வேலியின் கல்தூண்கள் மேல் இழுத்தான். கரண்ட் திரும்பி வர இரண்டாவது வரிசை வேண்டுமே. அதற்கு வேலியின் ஐந்து கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டான். "கம்பி கம்பிதானே. கரண்ட்டுக்கு வேலின்னு தெரியுமா, ஒயர்னு தெரியுமா?" என்று பெருமை வேறு. வேலிக்கு நடுவில் எங்கள் கம்பிப் படல். அது திறக்கிற இடத்தில் வேலி அறுந்து நிற்கும் அல்லவா, அங்கே இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஓர் இரும்புக் கொக்கியை மாட்டினான். கொக்கியைக் கழற்றாமல் படல் திறக்காது. பட்டறை ஓடும்போது கழற்றினாலோ, வெல்டிங்குக்குப் போக வேண்டிய அத்தனையும் கழற்றுகிறவன் உடம்பு வழியாகப் போகும்.

அதனால் ஒரு தகரப் பலகை எழுதித் தொங்கவிட்டான்: 'கைதட்டிவிட்டுத் திறக்கவும்.' கைதட்டினால் இவன் சுவிட்சை அணைத்துவிட்டு "வாங்க" என்று குரல் கொடுப்பான். ஏன் தட்ட வேண்டும் என்று எழுதவில்லை. மின்சார ஆட்கள் கண்ணில் பட்டால் வீட்டு இணைப்பையும் பிடுங்கிவிடுவார்கள். வெளிவாசலில் நின்று கைதட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான், வெளியாள் எவனும் யோசிக்காமல் தட்டுவான். ஆனால் அந்த வீட்டில் பிறந்தவன் தட்ட மாட்டான். தட்டினால் நான் அந்நியன் என்று அவனே ஒப்புக்கொண்டது போல. அண்ணன் பிறந்தது இந்த வீட்டில். அந்தப் படலைக் கட்டியதே அவரும் அப்பாவும்தான்.

"அண்ணே, தொடாதே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிரே இருந்து வந்தது, கத்தியது எனக்கே திரும்பி வந்தது. அவர் கழுதையிலிருந்து இறங்கிவிட்டார். கீழே ஓடினால் ஓடையைத் தாண்டவே நேரமாகும். மெயின் சுவிட்ச் வீட்டுக்குப் பின்னால், மேலே இருக்கிறது. சாகப்போகிற அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் மேலே ஓடினேன்.

செருப்பு எங்கே போனதோ தெரியாது. துணிக்கொடி கழுத்தில் மாட்டி இழுத்தது, கோழிகள் காலுக்குள் வந்து விழுந்தன. இந்நேரம் தொட்டிருப்பார், இந்நேரம் தொட்டிருப்பார் என்று மனசு அடித்துக்கொண்டது. மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு. கலைக்கச் சொல்லி நெல்சீனோவிடம் எத்தனை தடவை தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். யோசிக்க ஏது நேரம், கையை உள்ளே விட்டேன். கொட்டின. கொட்டட்டும் என்று பிடியைக் கீழே இழுத்தேன். வீட்டுக்குள் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் வெளிச்சம் இல்லை. படலருகே கழுதை மட்டும் தனியாக நின்றது. அண்ணனின் தொப்பி தரையில் கிடந்தது.

எப்படிக் கீழே போனேன் என்று தெரியாது. அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது இந்த ஒரு மனுஷன், அவரையும் ஒரு வெல்டிங்குக்காகக் கொன்றுவிட்டோம் என்று அழுதுகொண்டே ஓடினேன். ஓடையைத் தாண்டி ஏறினால், தூணுக்குப் பின்னால் குனிந்து காலணியில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் கொக்கி.

"என்ன ஜுரேமா, பேய் துரத்துன மாதிரி வர்றே? கை ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றார்.

நான் கொக்கியைக் காட்டினேன். "எப்போ கழட்டினே?"

"இப்பத்தான். எத்தனை தடவை தட்டுறது? தொப்பியக் கழட்டி வெச்சுட்டுத் தட்டினேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சரி, போயிடலாம்னு திரும்பினேன். அப்போ வெல்டிங் வெளிச்சம் நின்னுச்சு. கேட்டுடுச்சு போலன்னு கொக்கிய எடுத்தேன்."

"நீ எதுக்கு அண்ணே தட்டினே? உன் அப்பா வீட்டு வாசல்ல?"

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எழுதி மாட்டியிருக்கீங்களே. எனக்குத்தானே எழுதினது?"

அந்நியனைப் போல அவர் தொப்பியைக் கழற்றி நின்று தட்டிய அந்த நேரம்தான் எனக்கு சுவிட்ச் வரை ஓடக் கிடைத்த நேரம். அதை நினைத்து சந்தோஷப்படவும் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நெல்சீனோ முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். "யாரு கரண்ட்ட நிறுத்துனது? விதைக்கிற மிஷின் நாளைக்கு..." என்று தொடங்கியவன் அண்ணன் கையிலிருந்த கொக்கியைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் நின்ற கோலத்தைப் பார்த்தே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. கொக்கியை மெல்லக் கீழே வைத்தார்.

"வேலியிலயா விட்டிருக்கே?"

நெல்சீனோ தலையாட்டினான்.

"என் மாடுங்க ஏன் வேலிப்பக்கம் புல்லுல வாய வைக்க மாட்டேங்குதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார் அண்ணன். "மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல, மடப்பயலே."

நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அண்ணே, கேக்குறேன். உன் நிலத்துல கம்பம் நட இடம் குடு."

"இத அன்னிக்கே கேக்க உனக்கு வாய் வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நெல்சீனோவைப் பார்த்து, "நட்டுக்கோ. அதுவரைக்கும் பட்டறை ஓடக் கூடாது" என்றார். நெல்சீனோ விதைக்கிற மிஷினைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

தகரப் பலகையைப் பிடுங்கி ஓடையில் வீசினேன். வீங்கின கையால் அண்ணனின் தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் தலையில் நானே வைத்தேன். "வா, காபி போடுறேன்."

அவர் படலை ஒதுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மேட்டில் ஏறினார். வீட்டு வாசலில் ஒரு கணம் நின்றார், இரண்டு கையும் தட்டுவதற்காகத் தானாக மார்புக்கு வந்தன. நான் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.