பெட்டி மறந்த பூட்டு

மின்சாரத் துறையின் சோதனைக்கூடத்தில் புதுக் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். நேரில் மேடம் என்பார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் சந்தேகம்மா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அவளிடம் ஐந்து வாரமாக மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வடிவமைப்பாளர். மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பெட்டியைச் செய்திருந்தார். ஊரில் எங்காவது மின்கம்பி அறுந்தால், அந்தத் துண்டை மட்டும் பெட்டி தனியாகப் பிரித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு வழியாகக் கரண்டைத் திருப்பிவிடும். ஆள் ஓடிப்போய் சுவிட்சைத் திருப்ப முக்கால் மணி நேரம் ஆகும். பெட்டிக்கு நாலே விநாடி.

அப்படிப்பட்டதை நேராகக் கொண்டுபோய்த் துணைமின் நிலையத்தில் மாட்டிவிட முடியாது. முதலில் இங்கே வரவேண்டும். இங்கே ஒரு கம்ப்யூட்டர் ஊராக நடிக்கும். பெட்டியின் ஒயர்களையெல்லாம் அதில் சொருகிவிட்டால், தான் நிஜமான ஊரைத்தான் கட்டி மேய்க்கிறோம் என்று பெட்டி நம்பிவிடும். சுவரில் ஒரு பலகை, அதில் இருபத்துநாலு பல்புகள். ஒவ்வொரு பல்பும் ஊரின் ஒரு துண்டு.

மரம் விழுந்தது, மழை கொட்டுது, சிக்னல் போச்சு என்று சந்தேகம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டியிடம் அளந்துவிடுவாள். "நாள் பூரா பொய் சொல்ற உத்தியோகம் என்னுது" என்று அவளே சிரிப்பாள்.

முந்நூற்றுப் பதினெட்டுச் சோதனையிலும் பெட்டி தேறிவிட்டது. வடிவமைப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியை மாட்டத் தேதி குறித்தாகிவிட்டது, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு அவள் டீ டம்ளரோடு வந்து நின்றாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

கையெழுத்துக்காக நீட்டிய பேனாவை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கம்பத்துல ஏறி வேலை பாக்கறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"என் மச்சினனே லைன்மேன்தான். எதுக்கு மேடம்?"

"செஞ்சதும் நாம, சோதிக்கறதும் நாம. கம்பத்துல நிக்கறவர் இதைக் கண்ணால கூடப் பாக்கலையே."

மனைவியின் தம்பியை மறுநாள் காலையில் அவரே அழைத்து வந்தார். பதினேழு வருஷமாகக் கம்பம் ஏறுகிற மனுஷன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து பலகையை அண்ணாந்து பார்த்தான். "ஊரையே அலமாரிக்குள்ள அடைச்சுட்டீங்களே மாமா" என்றான்.

அவள் தன் நாற்காலியையே அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். "காலையில வேலைக்கு வந்ததுலேர்ந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."

முதலில் கூச்சப்பட்டவன் பிறகு இரண்டு மணி நேரம் பேசினான். அவன் சர்வீஸில் இத்தனை நேரம் உட்காரவைத்து யாரும் அவனைக் கேட்டதில்லை. எந்தக் கையில் கயிறு, எந்தப் பாக்கெட்டில் போன் என்றுகூட அவள் கேட்டாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் ரூமுக்கு சொல்லுவேன். அவங்க அந்த லைன்ல கரண்டை நிறுத்தி, யாரும் திருப்பி விட முடியாதபடி பூட்டிடுவாங்க. பூட்டியாச்சுன்னு சொன்னப்புறம்தான் கால் வெப்பேன்."

"மேல போனப்புறம் மறுபடி கேட்டுக்குவீங்களா?"

"ரெண்டு கையும் வேலையில இருக்கும் மேடம். எங்க கேக்கறது?"

பேச்சுவாக்கில் அவன் இன்னொன்றும் சொன்னான். போன வாரம் துணைமின் நிலையத்தில் பேட்டரி மக்கர் பண்ணி, அங்கிருந்த கருவிகளெல்லாம் ஒரு நிமிஷம் அணைந்து மறுபடி உயிர் பெற்றனவாம். "அது அப்பப்ப நடக்கறதுதான்."

அவள் பேனா நின்றது. எழுந்து பலகைப் பக்கம் போனாள்.

பன்னிரண்டாவது துண்டைப் பூட்டினாள். பன்னிரண்டாம் பல்பு அணைந்தது. இதுவரைக்கும் ஏற்கெனவே சோதித்ததுதான். அடுத்து, பெட்டிக்கே கரண்ட் வருகிற பிளக்கைப் பிடுங்கினாள். மனசுக்குள் பத்து எண்ணினாள். திரும்பச் சொருகினாள்.

பெட்டி கண் விழித்தது. பன்னிரண்டாவது துண்டு இருட்டில் கிடப்பதைப் பார்த்தது. கம்பி நன்றாகத்தான் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. பூட்டு போட்ட ஞாபகம் அதற்குச் சுத்தமாக இல்லை. உடனே தன் கடமையைச் செய்தது. நாலாவது விநாடியில் பன்னிரண்டாம் பல்பு பளிச்சென்று எரிந்தது.

மச்சினன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அங்கதான மாமா நான் நிப்பேன்?" என்றான் மெதுவாக.

வடிவமைப்பாளர் தலை நிமிரவில்லை. கரண்ட் போனால் அழிந்துவிடுகிற ஞாபகத்தில் பூட்டை வைத்தவர் அவர்தான். எந்த வரியில் அப்படி எழுதினார் என்பதுகூட அவருக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நோட்டில் 'சோதனை 319, தோல்வி' என்று எழுதினாள். "நல்ல வேளை சார், பல்பு எரிஞ்சதோட போச்சு" என்று சொல்லி, மூன்று பேருக்கும் டீ வாங்கி வரச் சொன்னாள்.

டீ குடித்துவிட்டு மூவரும் மேலதிகாரியின் அறைக்குப் போனார்கள். அவர் லேசில் மசியவில்லை. "முந்நூத்துப் பதினெட்டு பாஸ் ஆயிருக்கு. ஒண்ணே ஒண்ணுக்காகத் தேதியைத் தள்ளணுமா?"

"தள்ள வேணாம் சார். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இவங்க வீட்டுக்கு யாரு போய் சொல்லப்போறாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. இப்பவே கையெழுத்து போடறேன்."

அதிகாரி லைன்மேனைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். தேதி தள்ளிப்போயிற்று.

வீட்டில் வடிவமைப்பாளர் மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. "தம்பியா?" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"சந்தேகம்மாதான்."

"அவங்களை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க."

அதற்கப்புறம் அவர் அப்படிக் கூப்பிடவில்லை.

ஒன்பது நாள் உட்கார்ந்து பெட்டியைத் திருத்தினார். இப்போது கரண்ட் போனாலும் பூட்டு மறக்காது. அணைந்து எழுந்தால், கன்ட்ரோல் ரூமில் ஒரு மனுஷர் சரி என்று சொல்லும்வரை எந்தச் சுவிட்சையும் அது தொடாது. 319-ஐ மட்டும் மறுபடி பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். அவள் ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாள்.

"முதல்லேர்ந்தா மேடம்?"

"ஒரு இடத்துல கை வெச்சிருக்கீங்க. இன்னொரு இடம் ஆடியிருக்காதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பெட்டியிடம் தானே பொய் சொல்லிப் பார்த்தார். ஒரே சோதனையை அவள் முப்பது தடவை செய்வதையும், முப்பதாவது தடவையிலும் முதல் தடவை மாதிரியே கண் கொட்டாமல் பார்ப்பதையும் அப்போதுதான் கவனித்தார். மூன்று வருஷம் தான் பட்ட பாட்டைவிட இது பெரிய பாடு என்று அவருக்குப் பட்டது.

நாற்பது நாள் தாமதமாகப் பெட்டியை மாட்டினார்கள். இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் லாரி ஒன்று கம்பத்தில் மோதியது. அந்தத் துண்டைத் தவிர ஊரில் மற்ற இடங்களில் ஃபேன்கள் கொஞ்சம் மெதுவாகி மறுபடி வேகம் பிடித்தன, அவ்வளவுதான். மச்சினன் கம்பத்தைச் சரி செய்து முடித்துச் சாயங்காலம் வீட்டுக்குப் போனான். எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை.

அடுத்து, மாடியில் சூரியத் தகடு வைத்திருக்கிற வீடுகளுக்கான பெட்டியைச் செய்யும் வேலை அவரிடம் வந்தது. ஒரு வரிகூட எழுதாமல், வெறும் காகிதத்தோடு அவள் அறைக்குப் போனார்.

"மேடம், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உங்க சந்தேகத்தையெல்லாம் இப்பவே சொல்லிடுங்க."

அவள் சிரித்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். முதல்ல இதைச் சொல்லுங்க, மாடியில அந்தத் தகட்டையெல்லாம் யாரு ஏறித் தொடைக்கறாங்க?"