பிக்கப் மாற்றவில்லை

கிதாரின் வெள்ளைத் தகட்டில் பதினோரு திருகாணிகள். பத்தைக் கழற்றிவிட்டேன், பதினொன்றாவது மட்டும் வழுக்கியது. கம்பிகளை முன்பே அவிழ்த்துச் சுருட்டிப் பாயின் ஓரத்தில் வைத்திருந்தேன். பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பிய அம்மா, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று பார்த்தாள்.

“நல்லாயிருக்கத எதுக்குட்டி பிரிச்சுப் போட்டிருக்க?”

“இரையுதாம்.”

“யாருக்கு?”

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். விஜயபாண்டி அண்ணனுக்கு இரைகிறது. ராஜபாளையத்தில் அவர் நடத்தும் இன்னிசைக் குழுவில் எட்டு மாதமாக நான் கிதார் வாசிக்கிறேன். கீபோர்டு, சவுண்டு செட், வேன் எல்லாம் அவருடையவை. நான் வயரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் எழும். போன வாரம் ஒரு காதுகுத்தில் மைக்கிலேயே சொன்னார்: “நம்ம செல்வி கிட்டாருக்குள்ள தேனீ கூடு கட்டிருக்கு, பயப்படாதீய.” சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் எரிகிறது. இறங்கிய பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஞாயித்துக்கிழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரிசப்ஷன். பெரிய எடம். பிக்கப்ப மாத்திட்டு மேடையேறு. இல்லன்னா மதுரையில இருந்து தனுஷ வரச் சொல்லிருதேன். பொறவு உனக்கும் சிரமம் இல்ல.”

பிக்கப் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் பிறக்கும். என் கிதாரில் இருப்பவை மூன்றும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பவை, மலிவானவை. யூடியூபில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் தூக்கி எறியச் சொல்கிறார்கள். நல்ல செட் ஒன்றைப் போனில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி. மூன்று நாட்களாக ‘வாங்கு’ பொத்தான் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தேன்.

நான் ஈ.ஈ.ஈ., மின் பொறியியல், படித்தவள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். மில்லில் மின் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் எடுத்தவர், “பேனல் போர்டு பக்கமெல்லாம் உனக்கு எதுக்கும்மா, ஏ.சி. ரூம்ல உக்காரு” என்று சொல்லி கம்ப்யூட்டரில் என்ட்ரி போடும் வேலையைக் கொடுத்தார். ஏதோ பரிசு கொடுப்பது போல. நான்கு வருடம் படித்ததற்கு என் கையில் மிச்சமிருப்பது கல்லூரியில் வாங்கிய மல்டிமீட்டர் மட்டும். அதைத் துடைத்து எடுத்தேன்.

கடைசித் திருகாணியும் வந்தது. தகட்டைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு பிக்கப்பாக அளந்தேன். மூன்றும் கிட்டத்தட்ட ஆறு கிலோ ஓம். அறுந்தது எதுவும் இல்லை. கம்பிகளை எர்த்தோடு சேர்க்கும் வயரை இழுத்துப் பார்த்தேன், பற்றவைப்பு உறுதியாக இருந்தது. எல்லாவற்றையும் மறுபடி பூட்டிக் கம்பி கட்டி, வீட்டில் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். எங்கள் வீட்டில் எர்த் கொடுத்த சாக்கெட் ஒன்றுதான், கிரைண்டருக்காகப் போட்டது; அதில்தான் சொருகினேன். இரைச்சல் இருந்தது. ஆனால் அடுத்த தெருவில் ஓடும் மோட்டார் அளவுக்கு. தேனீக் கூடு இல்லை.

மேடையில் இரைகிறது, வீட்டில் அப்படி இரையவில்லை. ஒரு மோட்டாரைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், முதலில் சப்ளையைப் பார் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். இது என் பொருள், அதுவும் மலிவான பொருள். அதனால் குறை அதில்தான் இருக்கும் என்று எட்டு மாதம் நம்பியிருக்கிறேன். கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் ஜாஸ்மின் அக்காவின் கைக்குட்டை ஞாபகம் வந்தது. எங்கள் குழுவின் பாடகி அவர். மேடையேறியதும் மைக்கின் தலையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார். உதடு பட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார். “உனக்கு ஒடம்புல சூடு ஜாஸ்தி, இளநி குடி” என்று விஜயபாண்டி அண்ணன் சொன்னாராம். ஒன்றரை வருடமாக அக்கா இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன். கிதார் உறையைப் பார்த்த கண்டக்டர், “இதுக்கு லக்கேஜ் போடணும்மா” என்றார். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, “இப்ப அது என் மேல உக்காந்திருக்கு, சீட்டுல இல்ல” என்றேன். அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது பையைத் தடவிப் பார்த்தேன். மல்டிமீட்டர், டெஸ்டர், திருப்புளி, கத்தி. பிக்கப் இல்லை.

மண்டபத்தில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மேடையின் இடது பக்கம் எங்களுக்கு. தனுஷ் ஏற்கெனவே வந்து, என் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பளபளக்கும் சிவப்புக் கிதார்.

“மாத்திட்டியா?” என்றார் விஜயபாண்டி அண்ணன்.

“மாத்தல.”

“அப்ப எதுக்கு வந்த? சாப்பாட்டுக்கா?”

“தனுஷு, உன்னத இந்த ஆம்ப்ல சொருகேன்,” என்றேன்.

அவன் அண்ணனைப் பார்த்தான். பிறகு சொருகினான். ம்ம்ம் என்றது. என்னுடையதை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் அதே குரல். தனுஷ் குமிழ்களைத் திருகினான், வயரை ஆட்டினான். “வீட்ல இப்பிடி வராதுண்ணே,” என்றான்.

“எனக்கும்தான்,” என்றேன்.

டெஸ்டரை அவன் கிதார்க் கம்பியில் வைத்து, மேல்முனையில் விரலை வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. தனுஷ் கிதாரை மடியிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டான். அடுத்து மைக்கின் வலைத் தலையில் வைத்தேன். அங்கும் எரிந்தது. பூக்கட்டுகிறவர்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜாஸ்மின் அக்கா டெஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடைக்குப் பின்னால் போய் அண்ணனின் ஜங்ஷன் பாக்ஸை இழுத்தேன். எல்லாப் பிளக்குகளையும் சொருக அவர் கையால் செய்த மரப்பெட்டி அது. உள்ளே இரண்டே வயர்கள். அதன் பிளக்கைத் தூக்கிப் பார்த்தேன். எர்த்துக்கான மேல் கால், தடித்த கால், ஒடிக்கப்பட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் பிளக்கிலும் அப்படித்தான், மிக்ஸர் பிளக்கிலும் அப்படித்தான். பல் பிடுங்கிய வாய் போல வரிசையாக.

“யாருண்ணே ஒடிச்சது?”

“நாந்தான். கிராமத்துல பாதி எடத்துல ரெண்டு ஓட்டதான் இருக்கும். மூணாவது கால ஒடிச்சாத்தான் எங்கயும் சேரும். இருவது வருசமா இப்பிடித்தான் ஓட்டுதேன், யாரு செத்தா?”

சுவர் சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். “இந்தச் செவுத்துல எர்த் ஜம்முனு இருக்கு. ஒங்க பெட்டிதான் அத வேண்டாம்னு சொல்லுது. லீக்காகுற கரண்டு போக எடமில்லாம என் கம்பியிலயும் அக்கா ஒதட்டுலயும் நிக்குது. பிக்கப்புல ஒரு கோளாறும் இல்ல. மூணு கோர் வயரும் நாலு பிளக்கும் வேணும். அரை மணி நேரத்துல மாத்திருவேன்.”

“ஏ பிள்ள, ஆறு மணிக்கு மாப்பிள வருதாரு. நீ வந்து எனக்குக் கரண்டு பாடம் எடுக்கியா? நிகழ்ச்சி முடியட்டும், பொறவு பாப்போம். இன்னிக்குத் தனுஷே வாசிக்கட்டும்.”

தனுஷ் கிதாரை எடுக்கவில்லை. “நான் தொட மாட்டேண்ணே,” என்றான் மெதுவாக. “எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ள.”

அண்ணன் ஜாஸ்மின் அக்கா பக்கம் திரும்பினார். “நீ ரெண்டு வரி பாடு, மைக் செக் பண்ணுவோம்.”

“எனக்கு சூடுன்னு சொன்னீயளே,” என்றார் அக்கா.

“அதுக்கென்ன இப்ப?”

“ஒன்னுமில்ல. எம்புட்டு எளநி குடிச்சிருப்பேன்னு கணக்குப் பாத்தேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “செல்வி கடைக்குப் போயிட்டு வரட்டும். நான் செத்த நேரம் இப்பிடி இருக்கேன்.”

அண்ணன் என் கையில் பணம் எதுவும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பால்கோவாக் கடைகளைத் தாண்டி எலக்ட்ரிகல் கடைக்கு நடந்தேன். “யாருக்கும்மா, எலக்ட்ரீசியன் யாரு?” என்று கடைக்காரர் கேட்டார். “நான்,” என்றேன். படிப்பை முடித்த பிறகு அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

திரும்பி வந்து மெயினை அணைத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பழைய வயரை வெட்டி எறிந்தேன். புதியதன் தோலைச் சீவி, எர்த்துக்கான பச்சை வயரைப் பெட்டியிலும் ஒவ்வொரு பிளக்கிலும் முறுக்கிப் பூட்டினேன். தனுஷ் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான். விஜயபாண்டி அண்ணன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை, “முடிஞ்ச ஒடனே நாம பேசணும்,” என்றார். “பேசுவோம்ணே,” என்றேன். அவர் குரலில் இருந்தது அடுத்த நிகழ்ச்சிக்கு வராதே என்பதாகவும் இருக்கலாம். திருகாணியை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

மெயினைப் போட்டேன். தனுஷின் கிதார்க் கம்பியிலும் மைக்கின் தலையிலும் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. என் கிதாரைச் சொருகினேன். தேனீக் கூடு போய்விட்டது. கொஞ்சம் இரைச்சல் மிஞ்சியிருந்தது, அது பிக்கப்புடையதுதான், அந்த வகைப் பிக்கப் அப்படித்தான் இரையும். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்று நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

வாசலில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் கார்களிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ்மின் அக்கா எழுந்து மைக்கருகே போனார். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது, கைக்குட்டையை உருவியது, பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, வெறும் உதட்டை மைக்கின் மேல் வைத்தார்.